பொதுவழி, பொதுவண்டி, பொதுமனை

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் கழித்த விதத்தை நண்பர்களிடம் சொல்லத் தொடங்கினேன். பஸ் ஏறி ஒரு கிராமத்தில் இறங்கினேன். மலையைத் தாண்டி அடுத்த கிராமத்துக்கு நடந்தேன். அங்கே ஒரு பப்பில் உண்டேன். மறுபடியும் மலையேறி மூன்றாம் கிராமத்துக்கு நடந்தேன். அங்கும் ஒரு பப்பில் அமர்ந்தேன். பஸ் ஏறித் திரும்பினேன். இவ்வளவுதான் கதை. முடிப்பதற்குள் ஒரு நண்பர், “ஆக, உதவித்தொகை வாங்கிக் கடல் கடந்து போய்க் கடை கடையாக ஏறி இறங்கி வந்திருக்கிறாய்!” என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? ஆனால் அறைக்குத் திரும்பிய பின், சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது. அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்ல இதழாசிரியர் இடம் தந்திருக்கிறார். சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

நான் நிலவியல் மாணவன். 2025 கோடையில் ஷெபீல்டு நகரில் பத்து வாரம் ஆய்வுப் பயிற்சிக்காக இருந்தேன். அந்நகருக்கு மேற்கே பீக் டிஸ்டிரிக்ட் என்னும் மலைநாடு கிடக்கிறது. பிரிட்டனில் முதன்முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதுதான், ஆண்டு 1951. பூங்கா என்றதும் பூச்செடியும் நீரூற்றும் நினைக்க வேண்டா. ஆடு மேயும் மலை, காரை பூசாமல் கல்லடுக்கிய சுவர், இடையிடையே ஊர்கள். பெரும்பாலும் தனியார் நிலம். அங்கே போக என்னிடம் கார் இல்லை; கார் உள்ள நண்பரும் இல்லை. பஸ் இருந்தது. எவ்வளவு தொலைவு போனாலும் ஒரு வழிக் கட்டணம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று இங்கிலாந்தில் அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. 2023 ஜனவரியில் 2 பவுண்டாக இருந்த வரம்பு 2025 ஜனவரியில் 3 பவுண்டாயிற்று. போக 3, வர 3. மற்றபடி என் பையில் ஒரு நிலப்படம் இருந்தது.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்நாட்டு நில அளவைத் துறை 1:25,000 அளவில் அச்சிட்டு விற்கும் படம் அது. அதில் பச்சை நிறத்தில் துண்டு துண்டான கோடுகள் ஓடுகின்றன. வயலின் நடுவே, பண்ணை வீட்டு முற்றத்தை ஒட்டி, ஆட்டுப்பட்டியைக் கடந்து போகின்றன. அவையெல்லாம் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட வழிகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படி ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தத்தம் எல்லைக்குள் உள்ள பொதுவழிகளைக் கணக்கெடுத்துப் படமாக வரைந்து வைக்கும் பொறுப்பை மாவட்ட மன்றங்களின் தலையில் வைத்தது. நிலம் கை மாறலாம், வழி மாறாது.

படத்தில் பார்ப்பது வேறு, காலால் மிதிப்பது வேறு. காசில்டன் என்ற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனேன். ஊர் எல்லையில் ஒரு சுவர். சுவரில் ஆள் ஏறித் தாண்டவும் ஆடு தாண்டாமலிருக்கவும் கல்லால் படி வைத்திருந்தார்கள். எங்கள் தாராபுரம் பக்கத்தில் வேலியில் விடும் இப்படிப்பட்ட வாயிலைக் கடவு என்போம். அருகே ‘பொது நடைவழி’ என்று பலகை. அப்பால் யாரோ ஒருவருடைய புல்வெளி. ஏறத் துணிவு வரவில்லை. இரண்டு நிமிடம் நின்றேன். நாய் அவிழ்த்து விட்டால் என்ன செய்வது, எவராவது “யாரைப் பார்க்க வந்தாய்?” என்றால் என்ன சொல்வது என்று மனம் கணக்குப் போட்டது. பின்னால் வந்த ஒரு கிழவர், நான் வழி தெரியாமல் நிற்பதாக எண்ணி, “இதுதான், இதுதான்” என்று கைகாட்டிவிட்டுத் தாமே ஏறிப் போனார். அவர் பின்னே போனேன். நிலத்துக்குரியவர் தொலைவில் டிராக்டரில் இருந்தார். கையை உயர்த்தினார். விரட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், வணக்கம் சொல்லியிருக்கிறார்!

நிலவியல் படிப்பவனுக்கு அம்மலையில் இன்னொரு காட்சி உண்டு. ஏறும்போது இடப்புறம் தெரியும் மாம் டார் என்னும் 517 மீட்டர் உயர மலை வழுக்கிக்கொண்டே இருக்கிறது. மேலே மணற்பாறை, அடியில் களிப்பாறை. நீர் இறங்கினால் களி இளகும், மலை நகரும். அதன் மேல் போட்ட நெடுஞ்சாலையை எத்தனையோ முறை செப்பனிட்டுப் பார்த்து, 1979இல் கைவிட்டார்கள். தார் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கார் போன சாலை போய்விட்டது. கால் நடந்த தடம் மட்டும் அங்குமிங்கும் ஒதுங்கி வளைந்து இன்றும் ஓடுகிறது. இது நிற்க.

மலைமுதுகில் ஹாலின்ஸ் கிராஸ் என்றொரு கணவாய். ஈடேல் என்னும் ஊரில் கோயிலும் இடுகாடும் ஏற்படாத காலத்தில், அங்கு இறந்தவர்களைச் சவப்பெட்டியில் வைத்து இக்கணவாய் வழியாகத்தான் மலைக்கு இந்தப் பக்கம் சுமந்து வந்தார்களாம். சவப்பெட்டிப் பாதை என்றே பெயர். இறந்தவரைச் சுமந்த வழி அது. இன்று அதிலே சிறுவர் மிட்டாய் தின்றுகொண்டு ஓடுகிறார்கள்.

அக்கணவாயில் உட்கார்ந்து நான் என் தாத்தாவை நினைத்தேன். அவர் 2016இல் இறந்தார். எங்கள் தெருவுக்கும் மயானத்துக்கும் இடையே ஒரு வண்டித்தடம் உண்டு. கொங்கு நாட்டில் இருபுறமும் கிளுவை வேலி வளர்ந்த இட்டேரிகள் இருந்ததை உங்களில் அப்பக்கத்தார் அறிவீர்கள். அப்படி ஓர் இட்டேரி. ஆண்டுக்கு ஒரு சால் என்று உழுது உழுது, தாத்தா இறந்த ஆண்டில் அது வரப்பாகிவிட்டிருந்தது. நால்வர் தோள் கொடுக்க வரப்பில் அகலம் ஏது? முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராக இருவரே சுமந்தார்கள். இருபுறமும் தண்ணீர் கட்டிய வயல். ஓரிடத்தில் என் சிற்றப்பாவின் கால் வழுக்கிற்று. அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. அதே தாத்தா, தம் இளமையில் ஒரு தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டவர். அவருடைய பேரன் அயல்நாட்டு மலை ஒன்றின்மேல் செருப்பில்லை, பூட்சுக் காலோடு உட்கார்ந்து ஆப்பிள் தின்கிறேன். எவரும் கேட்கவில்லை. நண்பர்களே, எனக்கு அன்று ஏற்பட்டது மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன், பாதி ஆத்திரம்.

அந்த உரிமை அவர்களுக்கு வானத்திலிருந்து விழவில்லை. கணவாயிலிருந்து எதிரே பார்த்தால் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம் தெரியும். அது பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்கென்று காவல் போட்டு அடைத்து வைத்திருந்த நிலம். 1932 ஏப்ரல் 24ஆம் நாள், மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளி இளைஞர்கள் சில நூறு பேர் வேண்டுமென்றே அதன்மேல் ஏறினார்கள். காவற்காரர்களோடு கைகலப்பு. ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது இருபது; தண்டனை நான்கு மாதம். கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று வைக்கத்தில் போராடிப் பெரியார் சிறை புகுந்தது அதற்கு எட்டாண்டு முன்னர், 1924இல். இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அங்கே தடை செல்வத்தால் வந்தது. இங்கே பிறப்பால் வந்தது. நம்முடையது கொடியது. ஆனால் கேட்டது இரு இடத்திலும் ஒன்றுதான்: நடக்க விடு. கிண்டர் மேட்டில் நிலம் வைத்திருந்த பிரபு குடும்பத்தின் வழித்தோன்றல், எழுபது ஆண்டு கழித்து, 2002இல் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். நம் வண்டித்தடங்களை உழுதவர்களிடம் மன்னிப்பு வேண்டா. தடத்தைத் திருப்பித் தந்தால் போதும்.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை. 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, இருபது ஆண்டுகள் வெளிப்படையாகத் தடையின்றிப் பயன்படுத்திய வழிக்கு உரிமை உண்டு. இங்கிலாந்திலும் அதே இருபது ஆண்டுக் கணக்கு. ஆனால் நம் சட்டத்தில் அவ்வுரிமை பக்கத்து நிலத்துக்காரருக்கு, அங்கே பொதுமக்களுக்கு. நிலமே இல்லாதவனுக்கு நம் சட்டத்தின் அந்தப் பக்கத்தில் இடமில்லை. இருபது எண் ஒன்றுதான். யாருக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆங்கிலேயரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று எண்ண வேண்டா. 2000ஆம் ஆண்டுச் சட்டம் பாதையை விட்டு விலகித் திரியவும் இடம் தந்தது என்றாலும், அவ்வாறு திறந்த நிலம் இங்கிலாந்தில் ஏறக்குறைய 8 விழுக்காடுதான். மீதிக்கு அவர்களும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனிப் பப்புக்கு வருவோம். நண்பர்கள் காத்திருப்பது அதற்குத்தானே!

நான் குடிப்பதில்லை. குடியால் குலைந்த வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. அவற்றின் பிள்ளைகளோடு படித்தவன் நான். ஆகவே ஈடேலில் அந்தக் கதவைத் தள்ளும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. உள்ளே என்ன கண்டேன்? ஒரு மேசையில் தாயும் தகப்பனும் இரு குழந்தைகளும். ஒரு மூலையில் செய்தித்தாளோடு ஒரு பாட்டி. மேசைக்கடியில் ஈர நாய். சுவரோரம் சேறு படிந்த காலணி வரிசை. என் காலணியைப் பார்த்துத் தயங்கினேன். கடைக்கார அம்மாள், “கழுவவா போகிறோம், வா” என்பது போல ஏதோ சொன்னார். காய்கறிச் சூப்பும் ரொட்டியும் வாங்கினேன். தண்ணீர் கேட்டேன், காசில்லாமல் தந்தார். மது விற்க உரிமம் பெற்ற இடத்தில் கேட்டவருக்குக் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கு சட்டமாம். ஒரு மணி நேரம் இருந்தேன். காலுறை காய்ந்தது. படத்தை விரித்து வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்காரரிடம் வழி கேட்டேன். எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று அவர் கேட்கவில்லை. மேலேறும் வழியில் சேறு அதிகம் என்று மட்டும் சொன்னார்.

பப் என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். பொதுமனை. நம் ஊரில் சாவடி என்றும் சத்திரம் என்றும் சொன்னோமே, அவற்றின் ஒன்றுவிட்ட தம்பி எனலாம். இரவு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அதென்ன கண்ணு, பொம்பளைங்களும் உக்காந்திருந்தாங்கன்னா சொன்னே?” என்றார். ஆம் என்றேன். “அப்போ அது சாராயக்கடை இல்லை, போ” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். என்னை நகைத்த நண்பர்கள் என் தாயாரிடம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

ஆயினும், அந்தப் பொதுமனையும் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை. 1960களில் பர்மிங்ஹாமை அடுத்த ஸ்மெதிக் ஊரில், வார்ப்பாலைகளில் உழைத்த இந்தியர்களைப் பப்பின் நல்ல அறைக்குள் விடமாட்டார்கள். அவ்தார் சிங் ஜௌஹல் என்ற தொழிலாளி, இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் பெயரால், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பப் பப்பாக நுழைந்து, “எங்களுக்கும் ஊற்று” என்று கேட்டு நின்றார். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கருப்பர் தலைவர் மால்கம் எக்ஸ் அவ்வூருக்கே வந்து கண்டார். அவ்வாண்டிலேயே, பொது இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. பப்பும் அதில் அடக்கம். தனிக்குவளையில் தேநீர் குடித்த குடும்பத்திலிருந்து வந்தவன், எல்லார்க்கும் வைத்த அதே கண்ணாடிக் குவளையில் தண்ணீர் குடித்தேன் என்றால், அதற்கு முன்னால் யாரோ ஒரு வார்ப்பாலைத் தொழிலாளி அடிபட்டிருக்கிறார். கடை கடையாக ஏறி இறங்கினேன் என்கிறீர்கள்! அவரும் அப்படித்தான் ஏறி இறங்கினார்.

மாலையில் லூஸ் ஹில் என்னும் 476 மீட்டர் குன்றின் மேலேறி ஹோப் என்ற ஊரில் இறங்கினேன். அன்று நடந்தது மொத்தம் எட்டு மைல் இருக்கும். ஹோப் என்றால் நம்பிக்கை என்று கவிதை எழுதிவிடாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் பள்ளத்தாக்குக்கு அப்பெயர். அங்கொரு பப்பில் எலுமிச்சைப் பானம் குடித்து, பஸ் நேரம் பார்த்து எழுந்தேன். இந்நடைக்கு உண்மையான தலைவன் கடைசி பஸ்தான். அவன் ஆறு மணிக்கு என்றால் ஆறு மணிக்கு.

நிறுத்தத்தில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். கணவர் இறந்த பின் காரை விற்றுவிட்டாராம். “இந்த பஸ் நின்றால் நான் வீட்டையும் விற்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமையில் உங்களைப் போல நடப்பவர்கள் ஏறுவதால்தான் ஓட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். நிறைய நடங்கள்” என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா, தெரியவில்லை. அறைக்கு வந்து படித்துப் பார்த்தபின்தான் அவர் பேச்சின் பொருள் விளங்கியது.

பார்பரா காசில் என்ற அம்மையார் 1948இல், அந்நாட்டு முதுகெலும்பான பென்னைன் மலைத்தொடர் நெடுகப் பொதுவழி வேண்டும் என்று நடந்து காட்டிய பாராளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர். அவ்வழி 1965இல் திறக்கப்பட்டது. அது தொடங்குவது நான் சூப்புக் குடித்த அதே ஈடேலில். அவரே பின்னர்ப் போக்குவரத்து அமைச்சராகி, 1967இல் குடித்துவிட்டு ஓட்டுவோரை மூச்சுக் கருவியால் சோதிக்கும் சட்டம் கொண்டு வந்தார். பப்புக்காரர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால், காரில் வராதே என்றவர் எதில் வருவது என்பதையும் எண்ணாமலில்லை. அவர் உருவாக்கிய 1968ஆம் ஆண்டுச் சட்டம், ஆதாயம் தராத கிராம பஸ்களுக்கு மானியம் கொடுக்க வழி வைத்தது. பின்னால் வந்தவர்கள் 1986இல் லண்டனுக்கு வெளியே பஸ் தொழிலைச் சந்தையில் அவிழ்த்து விட்டார்கள். ஆதாயமுள்ள வழியை நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. மற்றதை மன்றங்கள் காசு கொடுத்து ஓட்ட வேண்டியதாயிற்று. காசு குறைந்தபோது பஸ் குறைந்தது. பஸ் குறைந்தால் கார் இல்லாதவர் வருவதில்லை. அவர் வராவிட்டால் பப்பில் சூப்பு விற்பதில்லை. நடப்பார் இல்லாத வழியில் முள் முளைக்கிறது. பொதுவழி, பொதுவண்டி, பொதுமனை மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள் என்று நான் கண்டது அப்போதுதான். ஒன்று அறுந்தால், மலை முழுவதும் கார் வைத்திருப்பவர்க்கே சொந்தம். சட்டப் புத்தகத்தில் எத்தனை பச்சைக் கோடு இருந்தால் என்ன?

இதை ஏன் புனேயில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்குச் சொல்கிறேன்? நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலா வருகிறது. வழக்கம்போல் தனி பஸ் பேசியாயிற்று என்று கேள்வி. திரைப்பாட்டு அலற, திரையை இழுத்து விட்டுக்கொண்டு லோனாவாலாவுக்குப் போவோம், புளியோதரைப் பொட்டலம் பிரிப்போம், படம் பிடிப்போம், திரும்புவோம். இம்மண்ணில் இரண்டு மூன்று ஆண்டு வாழ்ந்தும், இதன் ஒரு கிராமத்துத் தெருவில் நம்மில் எத்தனை பேர் நடந்திருக்கிறோம்? நம் மராட்டியத் தோழர்கள் நம்மைவிடத் தேவலை. விடுமுறையென்றால் நகர பஸ்ஸிலேறி அடிவாரத்தில் இறங்கிச் சிங்ககட் கோட்டைக்கு ஏறிவிடுகிறார்கள். சோளரொட்டிக்கும் பிட்லாவுக்கும் பேர்போன மலை அது. ஏறும் வழியெல்லாம் தக்காணத்து எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை அடுக்கு. விரும்புவோர்க்கு நான் விளக்கவும் தயார். விரும்பாதோரை விட்டுவிடுகிறேன்.

செயலாளரிடம் இவ்வாண்டு அப்படிப் போகலாமே என்றேன். அவர் உடனே மறுக்கவில்லை, “பெண்கள் வருவார்களா?” என்றார். நியாயமான கேள்வி. நான் ஈடேல் மலையில் தனியே நடந்த நிம்மதி, ஆண் என்பதால் பாதி வந்தது என்பதை நான் மறக்கவில்லை. எனக்கு விடை தெரியாததால், வேதியியல் துறைத் தோழி ஒருவரைக் கேட்டேன். அவர், “தனி பஸ்ஸில் மட்டும் என்ன பாதுகாப்பைக் கண்டோம்? திரும்பும் பஸ் சொன்ன நேரத்துக்கு வருமானால் நாங்கள் பத்துப் பேர் வருகிறோம். வராதென்றால் நீங்களும் போகாதீர்கள்” என்றார்.

ஆகவே பஸ் நேரத்தை விசாரிக்க வருகிற சனிக்கிழமை ஸ்வார்கேட் நிலையத்துக்குப் போகிறேன். அதற்கடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு அங்கேயே நிற்பேன். என்னை நகைத்த நண்பர் அவசியம் வர வேண்டும். வழியில் மோர் விற்பார்கள். அவர் பங்குக்கு நானே வாங்கித் தருகிறேன்.